விற்பதற்கென்று கட்டப்படும் இணையத்தளங்கள்

ஒரு சிறிய இணையத்தளத்தைத் தொடங்கி, ஓராண்டோ ஈராண்டோ வளர்த்து, மாதாமாதம் கொஞ்சம் வருமானம் வரத் தொடங்கியதும் அதை முழுதாக இன்னொருவருக்கு விற்றுவிடுவது இன்று உலகெங்கும் நடக்கும் வியாபாரம். இதற்கென்றே சந்தைகள் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 2009இல் தொடங்கிய பிளிப்பா அவற்றில் பெயர்பெற்றது. வாங்குபவரும் விற்பவரும் முகம் பாராமலே அங்கு தளங்கள் கைமாறுகின்றன. போட வேண்டிய முதல் மிகச் சிறிது. டொட் கொம் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டொலர், ஹோஸ்டிங் வாடகை மாதம் சில டொலர். தளத்தைக் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மாணவருக்கும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கட்டுகஸ்தோட்டையில் முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞருக்கும், கலஹாவில் தோட்டத்து லயத்திலிருந்து கைத்தொலைபேசி வழியே இணையத்துக்கு வரும் பிள்ளைக்கும் இது எட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. 2022க்குப் பிறகு அந்த ஈர்ப்பு கூடியதற்குக் காரணம் வெளிப்படை. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் வாங்கிய சம்பளத்தின் பெறுமதி சில வாரங்களிலேயே கரைந்துபோனதைக் கண்ணால் கண்ட தலைமுறை, டொலரில் உழைக்கும் வழி எங்கே என்று தேடுவதில் வியப்பில்லை.

இந்த வியாபாரத்தைக் கற்றுத்தருவோர் எப்படிக் கட்டுவது, எங்கே விற்பது என்று விரிவாகச் சொல்கிறார்கள். உண்மையில் எது விற்கப்படுகிறது என்ற கேள்விக்குள் போகிறவர்கள் குறைவு. அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும். சிறு தளங்களின் விலையைக் கணக்கிடும் முறை எளியது: செலவு போக மாதம் கிடைக்கும் இலாபத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையான மாதங்களால் பெருக்குவார்கள். அந்த எண்ணிக்கை பொதுவாக 20க்கும் 40க்கும் இடையில் நிற்கும். மாதம் 100 டொலர் தரும் தளம் ஒன்று 2,000 டொலருக்கும் போகலாம், 4,000 டொலருக்கும் போகலாம். உழைப்பு ஒன்றாக இருந்தும் விலை இரட்டிப்பாவது ஏன்? 2,000 டொலருக்குப் போகும் தளத்தின் வருமானம் இன்னும் இரண்டு வருடம் கூட நிலைக்காதோ என்று வாங்குபவர் அஞ்சுகிறார். 4,000 டொலருக்குப் போகும் தளம் தன் கைக்கு வந்த பிறகும் நீண்ட நாள் ஓடும் என்று நம்புகிறார். எழுத்தும் படமும் பெயரும் கைமாறினாலும், பணம் கொடுக்கப்படுவது அந்த நம்பிக்கைக்குத்தான். மாத இலாபத்தை ஒருவர் தந்திரத்தால் சில மாதங்களுக்கு உயர்த்திக் காட்டலாம். நிலைத்து நிற்கும் காலத்தை அப்படி உயர்த்த முடியாது. ஆகவே என் வாதம் இது: விற்றுவிட்டுப் போவதற்கென்றே அவசரமாகக் கட்டப்படும் தளம் இந்த வியாபாரத்தின் ஆகக் குறைந்த இலாபமுள்ள சரக்கு, விற்காமல் வைத்திருந்தாலும் பயன்படும் தளத்துக்கே நல்ல விலை கிடைக்கும். கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது வகையைக் கட்டுவதற்குரிய வசதி பிறரைவிட அதிகம் என்பதும் அதே வாதத்தின் பகுதி.

கட்டி விற்றுவிட்டுப் போகும் ஆசை கண்டி மலைகளுக்குப் புதிதல்ல. 1820களில் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவிலும் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையிலும் ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டுப் பார்த்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் முடிக்குரிய காடுகள் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்கப்பட்டன. 1844இல்தான் அது ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. நீதிபதிகளும் படை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் காணி வாங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குக் கோப்பிச் செடியைப் பற்றி எதுவும் தெரியாது. காட்டை வெட்டி, செடியை நட்டு, தோட்டம் என்று பெயர் சூட்டி, இங்கிலாந்திலிருந்து வரும் அடுத்த ஆளுக்கு விலைபேசுவதே பலரின் நோக்கமாக இருந்தது. 1847இல் பிரித்தானியாவில் பணநெருக்கடி வந்து கோப்பி விலையும் இறங்கியபோது அந்தத் தோட்டங்களில் பல போட்ட பணத்தின் சிறு பங்குக்கே விலைபோயின. சில கைவிடப்பட்டுக் காடாகின. தப்பி நின்ற தோட்டங்கள் மறுபடி வளர்ந்து, 1870 அளவில் ஆண்டுக்கு 10 இலட்சம் அந்தர் கோப்பியை ஏற்றுமதி செய்தன. 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது. ஒரே பயிர், ஒரே இனம், மலைக்கு மலை தொடர்ச்சியாக நடப்பட்டிருந்ததால் பூஞ்சை தடையில்லாமல் பரவியது. பதினைந்து ஆண்டுகளில் தொழில் முறிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கியும் 1884இல் முறிந்தது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டக் கூலிகளாக மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த நம் மக்கள் இந்த ஏற்றத்தில் பங்கு பெறவில்லை. இறக்கத்தில் முதலில் கூலி நின்றது அவர்களுக்குத்தான். எனவே இந்த வரலாற்றை உவமைக்காக மட்டும் நான் எடுக்கவில்லை. ஒரே வருவாயை நம்பி எல்லாரும் ஒரே மாதிரிக் கட்டி, அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போகும் வியாபாரத்தில் நட்டம் யாரிடம் போய்ச் சேரும் என்பதை இந்த ஊர் அறிந்த அளவு வேறு ஊர்கள் அறியா.

இணையத்திலும் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எந்த வேலையையும் எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் ஈஹௌ என்ற தளத்தை 2004இல் ஜாக் ஹெரிக் என்ற அமெரிக்கர் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து வாங்கினார். பணத்துக்கு எழுதுவித்த கட்டுரைகளால் நல்ல தரமான கையேட்டைக் கட்ட முடியாது என்ற எண்ணம் அவருக்கு வந்தது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற முறையில் 2005 ஜனவரியில் விக்கிஹௌ என்ற மற்றொரு தளத்தைத் தொடங்கினார். 2006இல் ஈஹௌவை டிமாண்ட் மீடியா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, விக்கிஹௌவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வாங்கிய நிறுவனம், மக்கள் தேடுபொறியில் என்ன கேட்கிறார்கள் என்று கணினியால் கணித்து, கட்டுரைக்குப் பதினைந்து டொலர் போலக் கொடுத்து ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தது. 2011 ஜனவரியில் அது பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயோர்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பையே தாண்டியது. அடுத்த மாதமே கூகுள், பாண்டா என்று பெயரிட்ட மாற்றத்தைக் கொண்டுவந்து, மேலோட்டமான கட்டுரைகளைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளத் தொடங்கியது. சில மாதங்களில் ஈஹௌவும் அடிவாங்கியது. அந்த நிறுவனம் பழைய உயரத்துக்குத் திரும்பவேயில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, 2021இல் வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்தது. விக்கிஹௌ இன்றும் இருக்கிறது. ஒரே மனிதரின் கையில் ஒரே காலத்தில் இருந்த இரண்டு தளங்கள் இவை.

இங்கே ஒருவர் உடனே குறுக்கிடலாம்: விற்றவருக்கு என்ன நட்டம்? ஹெரிக் சரியான காலத்தில் விற்றார், பணத்தைப் பெற்றார், விழுந்தது வாங்கியவர்தானே? நாமும் அப்படிச் செய்தால் என்ன? இந்த வியாபாரத்தின் ஆகப் பெரிய கவர்ச்சி இதுதான் என்பதால் இதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். ஹெரிக் விற்ற 2006இல் சந்தை இளமையாக இருந்தது. வாங்கியவர்கள் தேடுபொறி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பினார்கள். இன்று வாங்குபவர்கள் அப்படியில்லை. பன்னிரண்டு மாத வருமானக் கணக்கு, வருகையாளர் எங்கிருந்து வருகிறார்கள் என்ற பதிவு, கூகுளின் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தளம் ஏறியதா இறங்கியதா என்ற வரைபடம், உரிமையாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்ற விவரம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். மேலோட்டமான தளங்களை நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. அப்படியானால் அவற்றை யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் இந்த வியாபாரத்துக்குப் புதிதாக வந்தவர்கள். ஆயத்தமாகக் கட்டி வைத்த தளம், வாங்கினால் வருமானம் தானாக வரும் என்ற வாக்குறுதியோடு நூறு இருநூறு டொலருக்கு விற்கப்படுபவை ஏராளம். அவற்றில் வருகையாளரும் இல்லை, வருமானமும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த நூறு பிரதிகளில் ஒன்றுதான் கைக்கு வருகிறது. முதன்முதலில் இதற்குள் காலடி வைக்கும் கண்டி இளைஞர் விற்பவராக அல்ல, வாங்குபவராகவே பெரும்பாலும் வந்து சேர்வார் என்பதை அவருக்குச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. இருநூறு டொலர் என்பது இங்கே ஏறத்தாழ 60,000 ரூபா. ஒரு குடும்பத்தின் மாதச் செலவை விழுங்கும் தொகை அது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. நேர்மையாகக் கட்டியவர்களும் விழுந்திருக்கிறார்களே! காற்றுச் சுத்திகரிப்பான்களை உண்மையாகவே வாங்கி, அளந்து, மதிப்பிட்டு எழுதிய ஹவுஸ்பிரெஷ் என்ற சிறு தளம், 2023 செப்டெம்பருக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் கூகுள் செய்த மாற்றங்களால் தன் வருகையாளரில் மிகப் பெரும்பகுதியை இழந்தது. ஒரு பொருளையும் தொட்டுப் பார்க்காத பெரிய பத்திரிகைகளின் பட்டியல்கள் அதற்கு மேலே வந்து நின்றன. அதை நடத்தியவர்கள் ஆதாரங்களோடு பகிரங்கமாக முறையிட்டார்கள். பயண வழிகாட்டிகளும் விளையாட்டுத் தளங்களும் அதே கதையைச் சொல்லின. இது உண்மை, இதை மறைத்துவிட்டு நல்லதைக் கட்டுங்கள், நல்லதே நடக்கும் என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். இலைத்துருவும் நல்ல தோட்டம், கெட்ட தோட்டம் என்று பார்க்கவில்லை. ஆனால் அந்த நோயில் வழியற்றுப் போகாதவர்கள் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே, அதாவது நோய் தென்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார்; சிங்கோனாவும் வைத்திருந்தார். கோப்பி நன்றாக விளைந்துகொண்டிருந்த நாளில் செய்த வேலை அது. சிறு தளத்துக்கும் தேடுபொறியைத் தவிர வேறு வாசல்கள் வேண்டும்: பெயரை நினைவில் வைத்து நேரே வருபவர்கள், மின்னஞ்சலில் மாதமொரு மடலைக் கேட்டு வாங்குபவர்கள், ஊரில் ஒருவர் சொல்லி மற்றவர் வருவது. வாங்குபவரும் இதைத்தான் தேடுகிறார். வருகையாளரில் பத்தில் ஒன்பது பேர் கூகுள் வழியே வரும் தளத்தையும், பாதிப் பேர் நேரே வரும் தளத்தையும் அவர் ஒரே எண்ணால் பெருக்க மாட்டார்.

உலகில் பெரிய விலைக்குப் போன சிறு தளங்களின் கதையும் இதையே காட்டுகிறது. 2011இல் தொடங்கிய வயர்கட்டர், பொருட்களைச் சோதித்து ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் பரிந்துரைத்தது. 2016இல் நியூயோர்க் டைம்ஸ் அதை 3 கோடி டொலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. தன் துணைவிக்காக ஜோஷ் வார்டில் உருவாக்கிய வேர்டில் என்ற சொல்விளையாட்டு ஒரே பக்கம் கொண்ட தளம். விளம்பரம் கூட இல்லை. 2021 நவம்பர் முதலாம் திகதி அதை விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் அது மூன்று இலட்சமாகி, பின் இலட்சம் இலட்சமாகப் பெருகியது. 2022 ஜனவரி முடியுமுன் அதே பத்திரிகை பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. கண்டியிலிருந்து அந்தத் தொகையை எவரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அளவை விட்டுவிட்டுத் தன்மையைப் பார்ப்போம்: இரண்டையும் மக்கள் பெயர் சொல்லித் தேடி வந்தார்கள்.

கண்டிக்கு இதில் என்ன தனிச் சலுகை? கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்ற ஓர் அளவுகோலைப் புதிதாகச் சேர்த்தது. எழுதியவர் அந்த இடத்தில் நின்றவரா, அந்தப் பொருளைக் கையாண்டவரா என்பது அதன் பொருள். கண்டியைப் பற்றி இணையத்தில் கேட்கப்படும் கேள்விகள் முடிவில்லாதவை. எசல பெரஹராவின் திகதி பூரணையைப் பார்த்து ஆண்டுதோறும் மாறுகிறது. போன வருடத்துத் திகதியை அப்படியே வைத்திருக்கும் பக்கங்களை நம்பிப் பயணத்தைத் திட்டமிட்டவர்கள் ஏமாறுகிறார்கள். பதுளை ரயிலில் ஆசனம் பதிவது, மழைக்காலத்தில் நக்கிள்ஸ் மலைக்குப் போகலாமா என்பது, பேராதனைப் பூங்காவுக்கு எந்த நேரம் நல்லது, பிலிமத்தலாவையில் பித்தளை வேலைப்பாடு எங்கே நேரே வாங்கலாம், மாத்தளை வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்களில் எது நியாயமான விலை சொல்கிறது என்பதையெல்லாம் அமெரிக்காவிலோ சென்னையிலோ இருந்து எழுதுபவர் ஊகித்துத்தான் எழுத முடியும். இங்குள்ளவர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம். வருமானத்துக்கு விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பெரிய முன்பதிவுத் தளங்கள் விடுதிக்காரரிடம் அறை வாடகையில் பொதுவாக 15 சதவீத அளவில் எடுக்கின்றன. அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு நேரடிப் பதிவுகளை அனுப்பித்தரும் உள்ளூர்த் தளத்துடன் ஒப்பந்தம் செய்ய ஹந்தானையிலும் திகனையிலும் உள்ள சிறு விடுதிகளுக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனாலும் பயணத்துறையில் மட்டும் காலூன்றுவதும் மற்றொரு ஒற்றைப் பயிர்தான். 2018இல் நாட்டுக்கு 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் கொரோனாவும் வந்த பின் 2021இல் இரண்டு இலட்சம் பேர் கூட வரவில்லை.

ஆகவே தமிழை நோக்கித் திரும்புவது வெறும் மொழிப்பற்று அல்ல, கணக்கும்தான். தமிழுக்கு விளம்பரப் பணம் குறைவு என்ற மறுப்பு சரியானதே. கூகுள் தன் அட்சென்ஸ் விளம்பரத்தைத் தமிழ்ப் பக்கங்களுக்குத் திறந்ததே 2018இல்தான். ஒரு சொடுக்குக்குக் கிடைக்கும் காசு ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் சிறிது. ஆனால் போட்டியும் அதே அளவுக்குக் குறைவு. கண்டித் தேசிய வைத்தியசாலையில் எந்தக் கிளினிக் எந்த நாளில், அடையாள அட்டையில் பெயர்ப் பிழையைத் திருத்த எங்கே போவது, உயர்தரத்துக்குப் பின் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் என்ன பாடம் என்பவற்றை மடுல்கலையிலும் புசல்லாவையிலும் உள்ள தமிழ்க் குடும்பம் தன் மொழியில் தேடினால் கிடைப்பது மிகக் கொஞ்சம். அரச கரும மொழிகளில் தமிழும் ஒன்றாக இருந்தும் அரச தளங்களின் தமிழ்ப் பக்கங்கள் பலவேளை வெறுமையாகவோ பழையதாகவோ கிடக்கின்றன. இந்த வெற்றிடத்தை நிரப்பும் தளத்துக்கு வருபவர் வேறு எங்கும் போக மாட்டார். டியூஷன் வகுப்புகள், புத்தகக் கடைகள், மருந்தகங்கள், பயணச்சீட்டு முகவர்கள் அங்கே விளம்பரம் செய்யக் காசு கொடுப்பார்கள். டொலரில் அல்ல, ரூபாவில் வரும் வருமானம் அது. டொலர் ஆசையோடு வந்தவருக்கு இது உப்புச்சப்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஊர்க் கடைகளுடன் எழுத்தில் செய்துகொண்ட ஆண்டு ஒப்பந்தங்கள் தேடுபொறி மாறுவதால் மறைந்துவிடா. தளத்தோடு சேர்ந்து புதிய உரிமையாளருக்குப் போகும். அப்படிப்பட்ட தளத்தை வெளிநாட்டுக்காரர் வாங்க மாட்டார் என்பதும் ஓரளவு உண்மை. வாங்கக்கூடியவர் இங்கே இருக்கிறார்: பிரதேசப் பத்திரிகை, பயண நிறுவனம், கல்வி நிலையம். ஆள் மாறினாலும் வேலை ஓடும்படி, தகவல் எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்தில் எதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை எழுதி வைத்திருந்தால் அவர்கள் தயங்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் முகநூல் பக்கம் போதாதா என்று கேட்பவர்களுக்குக் கண்டியிலேயே விடை இருக்கிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. வாடிக்கையாளருடன் அந்த ஒரே வழியில் தொடர்பு வைத்திருந்த சிறு வியாபாரிகள் பேச்சற்றுப் போனார்கள். மேலும், முகநூல் பக்கம் அதை நடத்துபவரின் சொத்தல்ல. கணக்குகளை விற்பதை அந்த நிறுவனத்தின் விதிகளே தடுக்கின்றன. தன் பெயரில் பதிந்த இணைய முகவரியை மட்டுமே ஒருவர் சட்டப்படி எழுதிக் கொடுத்து விற்க முடியும்.

கடைசியாக ஒரு மறுப்பு மீதமிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நூறு கட்டுரைகளை ஒரு பகலில் எழுதுவிக்கலாம். பின் எதற்கு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் விசாரிப்பது? எவராலும் ஒரு பகலில் செய்யக்கூடியதற்கு வாங்குபவர் ஏன் முப்பது மாத இலாபத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே அதற்கான பதில். 2024 மார்ச்சில் கூகுள், தேடல் முடிவுகளில் ஏறுவதற்கென்றே மொத்தமாக உற்பத்தி செய்யும் எழுத்தையும், காலாவதியான பழைய பெயர்களை வாங்கி அவற்றின் நற்பெயரில் குப்பை ஏற்றுவதையும் வெளிப்படையாகவே தன் விதிகளில் குற்றமாக்கியது. இரண்டாவது பழக்கம் இந்த வியாபாரத்தின் மிக இருண்ட மூலை. பெண்கள் எழுதிய, பலர் விரும்பி வாசித்த ஹெயார்பின் என்ற தளம் 2018இல் நின்றுபோனது. அதன் பெயரை வேறொருவர் வாங்கி, இயந்திரம் எழுதிய பக்கங்களால் நிரப்பினார். பழைய ஆக்கங்கள் சிலவற்றில் எழுதியவர்களின் பெயர் நீக்கப்பட்டு வேறு பெயர்கள் போடப்பட்டதை 2024 தொடக்கத்தில் வயர்ட் இதழ் வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு, ஒன்பது வருடங்களுக்கு முன் மூடிய ஆப்பிள் செய்தித் தளமொன்று, பழைய எழுத்தாளர்களின் பெயர்களைப் போட்டு அவர்கள் எழுதாதவற்றோடு மறுபடி தோன்றியது. தளத்தை விற்கும்போது அதை நம்பிவரும் வாசகரும் சேர்ந்து விற்கப்படுகிறார் என்பதை விற்பவர் உணர வேண்டும். எல்லாக் கைமாற்றமும் இப்படி முடிவதில்லை. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம், தமிழில் எழுதிய ஆயிரக்கணக்கானோரின் ஆக்கங்களை ஒரே இடத்தில் காட்டியது. அது தமிழ் மீடியா இன்டர்நேஷனல் என்ற இலாபநோக்கற்ற அமைப்பின் பொறுப்புக்குப் போன பின்னும் பல ஆண்டுகள் அதே வேலையைத் தொடர்ந்தது. யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் விலையைப் போலவே முக்கியமானது.

விற்பனை என்று வந்தபின் பணம் வீடு வந்து சேர வேண்டும். பேபால் வழியே இலங்கையர் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை நீண்ட காலமாக இருந்து வந்திருக்கிறது. இங்குள்ளவர்கள் பெரும்பாலும் பயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவையையோ வங்கி வழிப் பரிமாற்றத்தையோ நாடுகிறார்கள். வெளிநாட்டில் உள்ளவருக்கு விற்பதானால் எஸ்க்ரோ எனப்படும் நடுநிலை வைப்பு முறையைத் தவிர்க்கவே கூடாது: வாங்குபவரின் பணம் மூன்றாமவரிடம் போய்ச் சேர்ந்ததை உறுதிப்படுத்திய பிறகே முகவரியின் கடவுக்குறியீட்டைக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்கு வழங்கும் சேவையால் வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 15 சதவீத வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான மொத்த வருமானத்துக்கு விலக்கும் உண்டு. தளத்தை மொத்தமாக விற்ற தொகை சேவை வருமானமா, சொத்து விற்ற வருமானமா என்பதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. முகவரி யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது என்பதை முதல் நாளிலேயே சரிபார்க்க வேண்டும். நண்பரின் பெயரிலோ, தளத்தைக் கட்டிக்கொடுத்த கடைக்காரரின் பெயரிலோ இருந்தால் எத்தனை வருட உழைப்பும் விற்பனை நாளில் அவருடையதாகிவிடும். படங்களும் அப்படியே. கண்டி வாவியின் படத்தை வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தால் வாங்குபவரின் சட்டத்தரணி அதைக் கண்டுபிடிப்பார். வாவிக்கரைக்குப் போய்த் தானே எடுத்த படத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.